அப்பத்தாவுக்கு ஏற்ற பெட்டி எது?

திண்டுக்கல்லில் பூட்டு வாங்க வரும் பெண்மணிகளைக் கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்கிற விலையை அவர்கள் முதலில் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. பூட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பார்கள். சாவியைப் போட்டு நாலு தடவை திறந்து மூடுவார்கள். "உள்ளே எத்தனை லீவர்? சாவி எத்தனை தருவீர்கள்?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் பேரம்! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு ஆயிற்றே! அந்த ஊர்க்காரர்களுக்குச் சாமானைச் சோதிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். இணையத்தின் வழியாகச் சினிமாவும் தொடரும் காட்டுகிற புதுப் பெட்டி ஒன்றை மூவாயிரம், நாலாயிரம் கொடுத்து வாங்கும்போது மட்டும் அதே வீட்டில் யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளை செல்போனில் ஆர்டர் போடுகிறான். மூன்றாம் நாள் பார்சல் வாசலில் நிற்கிறது. "4கே தெரியும்மா! எல்லாப் படமும் இதிலேயே வந்துடும்மா!" என்கிறான். அம்மாவும் சரி என்று தலையாட்டிவிடுகிறாள்.

'ஆண்ட்ராய்டு பாக்ஸ்', 'ஸ்டிக்' என்றெல்லாம் சொல்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேசுகிறோம். நாகல் நகர், பேகம்பூர், சின்னாளப்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று நாலு பக்கமும் உள்ள சகோதரிகளிடம், "பெட்டி எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தோம். படம் எப்படி, கதை எப்படி என்று அல்ல. பெட்டி என்கிற சாமான் எப்படி என்று! வந்த அபிப்பிராயங்கள் கடை விளம்பரத்தில் வராதவை. அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தோம்.

கம்பம் முதல் குச்சி வரை

முதலில் சற்றுப் பின்னால் திரும்பிப் பார்ப்போம். சென்னையில் தூர்தர்ஷன் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. அந்த அலை தெற்கே எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி வந்தபோது, தென் மாவட்டங்களில் மொட்டை மாடியில் உயரமாகக் கம்பம் நட்டு அதைப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்பு நிலையம் வந்தது. கம்பங்கள் மலைப் பக்கம் முகம் திருப்பின. அப்புறம் கேபிள். 2006-இல் அரசாங்கம் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-இல் அதற்கு செட்டாப் பாக்ஸும் கொடுக்கப்பட்டது.

இதற்கிடையில் இணையப் பெட்டிகளும் ஒவ்வொன்றாக நுழைந்தன. கூகுளின் குரோம்காஸ்ட் 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அமேசானின் ஃபயர் டி.வி. ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கு வந்தது. ஷியோமியின் மி பாக்ஸ் 4கே, 2020 மே மாதம் 3,499 ரூபாய்க்கு வந்தது. கட்டைவிரல் பருமனுள்ள ஒரு குச்சி, மொட்டை மாடிக் கம்பத்தின் வேலையைச் செய்கிறது என்றால் ஆச்சரியந்தான்!

ஆனால் இந்த மாறுதலில் சந்தடியில்லாமல் ஒரு பொருள் காணாமற் போயிற்று. அது என்ன தெரியுமா? ரிமோட்டில் இருந்த எண்கள்!

நாகல் நகரில் ஒரு வீடு

கேபிள் ரிமோட்டில் ஒன்று முதல் ஒன்பது வரையும் சைபரும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடத் தன் சேனலின் எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பாள். மூன்று தடவை அழுத்தினால் அவளுடைய தொடர் வந்துவிடும். புதுப் பெட்டிகளின் ரிமோட்டுகள் பலவற்றில் எண்களே கிடையாது. ஒரு வட்டம், ஒரு வீடு, ஒரு வளைந்த அம்பு, ஒரு மைக். அவ்வளவுதான்.

நாகல் நகரில் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மருமகள் பள்ளிக்கூட ஆசிரியை. மகனுக்கு வெளியூர் வேலை. வீட்டில் பகல் முழுவதும் இருப்பவர் எழுபது வயது கடந்த அப்பத்தா மட்டுமே. புதுப் பெட்டி வந்ததும், "எல்லாம் இதிலேயே வருகிறது, கேபிளுக்கு ஏன் தண்டச் செலவு?" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழிந்தது. "இன்றைக்குத் தொடரில் என்ன ஆயிற்று, அத்தை?" என்று மருமகள் கேட்டால், "யார் பார்த்தா? நல்லாத் தூங்கிட்டேன்" என்று பதில் வரும். வயதாகிறது, தூக்கம் வருகிறது என்று மருமகளும் இருந்துவிட்டாள். ஒரு நாள் அரை நாள் லீவில் வீடு திரும்பினாள். அப்பத்தா தூங்கவில்லை. இருட்டாக இருந்த டி.வி.க்கு எதிரே ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் அத்தை, போட்டுப் பார்க்கக் கூடாதா?"

"ஒரு நாள் எதையோ அமுக்கினேம்மா. ரூபாய் போட்டு, வாங்கு வாங்குன்னு வந்துச்சு. காசு போயிடுமோன்னு அணைச்சுட்டேன். பேரன் வந்தாப் போட்டுத் தருவான்னு இருக்கேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"நாலாயிரம் கொடுத்து ஆசையா வாங்கினான் எம்புள்ளை. எனக்கு வரலைன்னு எப்படிச் சொல்றது?"

பாருங்கள்! தன் கையால் தன் தொடரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷி, பேரன் பள்ளி விட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. பெட்டியின் மூளையில் கோளாறு இல்லை. படத்தின் தெளிவில் குறை இல்லை. ரிமோட்டில்தான் குறை. இந்த ஒரு சங்கதியை எந்த விளம்பரமாவது சொல்கிறதா?

பின்பக்கத்தைப் பாருங்கள்

அடுத்த அபிப்பிராயம் சின்னாளப்பட்டியிலிருந்து. "பெட்டி வந்தது, செருகத்தான் இடமில்லை!" என்கிறார் ஒரு சகோதரி. இந்த ஸ்டிக்குகளுக்கு டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. என்கிற தட்டையான துளை வேண்டும். இலவசமாகக் கிடைத்த பழைய குழாய் டி.வி.யில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வண்ண வளையமிட்ட வட்டத் துளைகள்தாம் இருக்கும். ஆகவே ஆர்டர் கொடுப்பதற்கு முன் டி.வி.யைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிடுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். டி.வி.யிலுள்ள யு.எஸ்.பி. துளையிலேயே ஸ்டிக்கின் வயரைச் செருகிவிட்டு, "அடிக்கடி அணைந்து அணைந்து வருகிறது" என்று குறை சொல்கிறவர்கள் பலர். பழைய மாதிரி யு.எஸ்.பி. துளை தருவது அரை ஆம்பியர். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் தருவது பொதுவாக ஒரு ஆம்பியர். அரை வயிற்றுக்குச் சோறு போட்டால் யார்தான் வேலை செய்வார்கள்? கூட வந்த அடாப்டரைச் சுவர்ப் பிளக்கிலேயே செருகுங்கள்.

சித்திரை வெயிலில் நம் சமவெளி எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. டி.வி.க்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற ஸ்டிக்குக்குக் காற்று ஏது? சூடு ஏறினால் படம் தயங்கும். சில பெட்டிகளோடு சாண் நீளத்துக்குள் ஒரு நீட்டிப்பு வயர் வரும். வேண்டாத பொருள் என்று எறிந்துவிடாதீர்கள். குச்சியை வெளியே காற்றில் தொங்கவிட அது உதவும்.

அடுப்பு மேடையும் பரணும்

ரேம், ஸ்டோரேஜ் என்று இரண்டு சொற்கள் அட்டையில் அச்சாகியிருக்கும். பயப்படாதீர்கள். ரேம் என்பது அடுப்பு மேடை. ஸ்டோரேஜ் என்பது பரண். மேடை குறுகலாக இருந்தால் ஒரே சமயத்தில் குழம்பும் பொரியலும் செய்ய முடியாது அல்லவா? அதுபோல ரேம் குறைந்தால் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பெட்டி திணறும். 2017-இல் வந்த ஃபயர் ஸ்டிக்கில் ரேம் ஒரு ஜி.பி.; 2020-இல் வந்த மி பாக்ஸில் இரண்டு. பரண் இரண்டிலும் எட்டு ஜி.பி.தான். அதிலும் ஒரு பங்கைப் பெட்டி தனக்கே எடுத்துக்கொள்ளும். பேரன் நாலு விளையாட்டை இறக்கிவிட்டால் அப்பத்தாவின் தொடருக்கு இடம் இராது! இன்று வாங்குகிறவர்கள் ரேம் இரண்டு ஜி.பி.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

4கே என்ற மோகமும் உண்டு. 4கே படத்தில் புள்ளிகள் முழு எச்.டி.யைப் போல நாலு மடங்கு. ஆனால் டி.வி.யும் 4கே-ஆக இருந்தால்தான் அந்த அழகு கண்ணுக்குத் தெரியும். கூடத்தில் 32 அங்குல சாதாரண டி.வி. இருக்கும்போது 4கே-க்குக் கூடுதல் பணம் எதற்கு? நெட்பிளிக்ஸ் சொல்கிற கணக்குப்படி, முழு எச்.டி. படத்துக்கு இணைய வேகம் நொடிக்கு 5 மெகாபிட் போதும். 4கே-க்கு 15 வேண்டும். செல்போன் இணைப்பை வைத்தே பார்ப்பவர்கள் கவனிக்க: எச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. வரை விழுங்கிவிடும்!

"ராத்திரி எட்டு மணிக்குப் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது" என்று பேகம்பூரிலிருந்து ஒரு புகார். மோடம் முன்னறையில், டி.வி. உள்ளறையில், நடுவே கனத்த சுவர். வை-பையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 அலை மெதுவானது, ஆனால் தூரம் போகும். இரண்டும் உள்ள பெட்டியா என்று கேளுங்கள். வயர் செருகுகிற லேன் துளையும் இருந்தால் இன்னும் விசேஷம். பல ஸ்டிக்குகளில் அது கிடையாது.

பெயரில்லாப் பெட்டி வேண்டாம்

ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குப் பெயர் தெரியாத பெட்டிகளும் கிடைக்கின்றன. இங்கேதான் திண்டுக்கல் புத்தி வேண்டும். படத்தை யாரும் களவாடாதிருக்கப் பட நிறுவனங்கள் ஒரு பூட்டுப் போடுகின்றன. வைட்வைன் என்று பெயர். அதில் 'எல்-1' சான்று இல்லாத பெட்டிக்குச் சாதாரணத் தரப் படந்தான் கிடைக்கும், அட்டையில் 4கே என்று எத்தனை பெரிதாக அச்சடித்திருந்தாலும் சரி. பெட்டியின் அடியில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். செட்டாப் பாக்ஸ்களுக்கு இந்தப் பதிவு 2012-ஆம் வருஷத்து ஆணையாலேயே கட்டாயமாக்கப்பட்டது.

பத்து நிமிஷப் பரீட்சை

இனி, வாங்கும் முன் என்ன செய்யலாம்? ஏற்கெனவே வாங்கிய அக்கம்பக்கத்து வீட்டுக்கோ, கடைக்கோ அப்பத்தாவை அழைத்துப் போங்கள். ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். பொத்தான்கள் விரலுக்கு அகப்படுகின்றனவா? சத்தத்தைக் குறைக்க முடிகிறதா? மைக்கை அழுத்தித் தொடரின் பெயரைத் தமிழில் சொன்னால் புரிந்துகொள்கிறதா? கூகுள் தன் குரல் தேடலில் தமிழை 2017-இலேயே சேர்த்துவிட்டது. என்றாலும் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி காது கொடுப்பதில்லை. பேசிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, எண் கேட்காமல் எதையும் வாங்க முடியாதபடி பின் பூட்டுப் போட்டுவிடுங்கள். "எதை வேண்டுமானாலும் அமுக்குங்கள், காசு போகாது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்தப் பயம் போனாலே பாதி வித்தை வந்த மாதிரி!

நாகல் நகர் வீட்டில் கேபிள் இணைப்பைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். பழைய பாக்ஸ் வண்ண வயரில், புதுப் பெட்டி எச்.டி.எம்.ஐ. துளையில். டி.வி.யின் ரிமோட்டில் இரண்டுக்கும் மாறுகிற பொத்தான் மேல் மருமகள் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். மாலையில் பேரனுக்குப் புதுப் பெட்டி. பகலெல்லாம் அப்பத்தாவுக்குப் பழையது. இப்போது மருமகள் வீடு திரும்பியதும், தொடரில் அன்று என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியதே இல்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பத்தா கதையை ஆரம்பித்துவிடுகிறாளாம்!