நம் வாசலுக்கு மிக அண்மையிலுள்ள அரசாங்கம்

அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பெரும்பாலோருடைய மனம் பாராளுமன்றத்தையும் அமைச்சர்களையுமே நாடுகின்றது. ஆனால், நம் அன்றாட வாழ்வோடு மிக நெருங்கிய உறவு பூண்டிருப்பது வேறோர் அரசாங்கமாகும். வீட்டின் முன்னால் ஓடும் வடிகால், பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து செல்லும் ஒழுங்கை, சந்தைக் கட்டடம், தெருவிளக்கு, பொது நூலகம், ஈற்றில் மயானம் ஆகிய இவற்றையெல்லாம் பேணும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றத்தையே சார்ந்தது.

கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கம்பளைக்குச் செல்வோர் இடைவழியிற் காணும் சிறு நகரம் கெலிஓயா. உடுநுவரப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரை, மலைநாட்டுக்குச் செல்லும் பெருந்தெருவும் புகையிரதப் பாதையும் தொட்டுச் செல்கின்றன. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவினத்தவரும் ஒரே கடைவீதியிற் கொடுக்கல் வாங்கல் செய்யும் ஊர் இது. இத்தகைய சிற்றூர்களில் நிருவாகம் பிரதேச சபையின் கையிலே உள்ளது. மதகு திருத்தம், சந்தைக் கடைகளின் ஏலம், வரி செலுத்தும் தவணை, ஒக்டோபர் மாதத்தில் வரும் வாசிப்பு மாதப் போட்டிகள் என்று இச்சபைகள் விடுக்கும் அறிவித்தல்களைப் பலர் ஏறிட்டும் பாராது கடந்து செல்கின்றனர். அவ்வாறு கடந்து செல்லத்தக்க சிறு விடயங்களா இவை? வரலாற்றைச் சற்றே நோக்குவோமாயின் விடை தெளிவாகும்.

நூற்றாண்டு கடந்த வழக்கு

இலங்கையில் மாநகர சபைகளை ஏற்படுத்தும் சட்டம் 1865இல் இயற்றப்பட்டது. கொழும்போடு கண்டியும் அப்பேற்றை முதலிலேயே பெற்றது. ஆறாண்டுகள் கழித்து, 1871இல், பழைய கிராம மன்றங்களுக்குச் சட்ட வடிவம் கொடுக்கப்பட்டது. ஆயினும் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்த தோட்டத் தொழிலாளருக்கு அம்மன்றங்களில் இடமிருக்கவில்லை. 1930களின் இறுதியிற் கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமை திருத்தப்பட்டபோதும், தோட்டத்து லயன்களில் வாழ்ந்தோர் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அந்நிலை முற்றாக நீங்குவதற்கு 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும், 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களும் வேண்டியிருந்தன.

இதற்கிடையே பட்டின சபைகளும் கிராம சபைகளும் 1980ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் ஒழிக்கப்பட்டு, அவற்றின் பணிகள் மாவட்ட அபிவிருத்திச் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஊருக்கு அருகிலிருந்த ஆட்சி மாவட்டத் தலைநகருக்கு ஏகியது. இக்குறையைப் போக்கும் பொருட்டே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் பிறந்தது. 1991இல் முதற்றேர்தல் நடைபெற்றது.

அப்போதும் மலையக மக்களுக்கு ஒரு கதவு அடைபட்டே கிடந்தது. வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிட்டது. ஆயின், அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. தாம் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினரிடம் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட்டுத் தருமாறு கேட்டால், "அது தோட்டத்துக்குரிய நிலம்" என்ற விடையே கிடைக்கக்கூடிய நிலை! இச்சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, தோட்ட மக்களுக்கும் சபைகள் சேவை வழங்க வழி பிறந்தது. ஒரு மதகைக் கட்டித் தருமாறு சபையிடம் கேட்கும் உரிமைக்காக மட்டும் முப்பத்தோராண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அறிவித்தற் பலகையிலுள்ள அந்த ஒற்றை வரியின் பெறுமதி இப்போது விளங்குகின்றதன்றோ?

பணம் எங்கிருந்து வருகின்றது?

சபையின் வருவாயில் ஒரு பகுதி அரசாங்கத்தின் உதவியாகவும், மற்றொரு பகுதி மக்களின் வரியாகவும் வருகின்றது. வீடு, கடை முதலியவற்றின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து விதிக்கப்படும் சோலைவரி நாம் நன்கறிந்தது. ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் செலுத்துவோருக்குப் பத்து வீதக் கழிவு உண்டு. இதனை இல்லத்தரசிகள் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

எந்த வேலைக்கு எவர் பொறுப்பு என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். கெலிஓயாவை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. மாகாணப் பாதைகள் மாகாண சபைக்கு உரியவை. அவற்றினின்று பிரிந்து செல்லும் ஊர்ப் பாதைகளே பிரதேச சபைக்கு உரியவை. இவ்வேறுபாட்டை அறியாமையால், தகாத அலுவலகத்திற்கு மனு எழுதிக் காலத்தை வீணாக்குவோர் பலர்.

கொடுத்த வரி எவ்வாறு செலவாகின்றது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்தும். ஒரு வடிகாலுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, ஒப்பந்தம் எவருக்குக் கொடுக்கப்பட்டது என்று குடிமகன் எவரும் எழுத்தில் வினவலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் உத்தியோகத்தர் வழமையாகப் பதினான்கு வேலை நாள்களுக்குள் எடுத்தல் வேண்டும்.

சபை இல்லாத இரண்டாண்டுகள்

பொருள் கையிலிருக்கும்போது அதன் அருமை தெரிவதில்லை. 2018இல் தெரிவான சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சு மாதத்தில் முடிவடைந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடைபெறவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடைபெறவில்லை. இரண்டாண்டுகளுக்கு மேலாக உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினர். மக்கள் தம் குறையை முறையிடுவதற்குத் தவிசாளரும் இல்லை, வட்டார உறுப்பினரும் இல்லை. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் 339 மன்றங்களுக்கு வாக்கெடுப்பு நடந்து, சபைகள் மீண்டும் உயிர் பெற்றன. உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கினர் பெண்களாதல் வேண்டுமென்ற ஏற்பாடு 2018 தேர்தலிலிருந்து சட்டத்தில் இருந்து வருகின்றது. குழாய்நீருக்கும் குப்பை வண்டிக்கும் காத்து நிற்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதை எண்ணும்போது, அதன் நியாயம் எவருக்கும் புலனாகும்.

மீண்டும் உயிர்பெற்ற சபைகளுக்கு அவ்வாண்டே கடும் சோதனையும் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாட்டில் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மண்சரிவினாலும் மகாவலியின் பெருக்கினாலும் மிகக் கொடிய துயருக்கு ஆளான மாவட்டங்களுட் கண்டியும் ஒன்று. பெருமழையை எந்தச் சபையும் தடுத்தல் இயலாது. ஆனால், குப்பை அடைத்த வடிகாலைத் தூர் வாருவதும், கட்டட அனுமதி கொடுக்குமுன் சரிவான நிலத்தைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெறுவதும் சபையால் இயலும். அனுமதியின்றிச் சரிவை வெட்டி வீடெழுப்பாதிருப்பதும், வடிகாலிற் குப்பை கொட்டாதிருப்பதும் நம்மால் இயலும். சபையின் கடமையும் குடிமக்களின் கடமையும் இணையும் இடத்திலேதான் உயிர்கள் காக்கப்படுகின்றன.

மாணவர்களுக்கு ஒரு வேலை

மாணவச் செல்வங்களே! குடியியற் பாடத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்தல் போதாது. உங்கள் வட்டாரத்தின் உறுப்பினர் யார், இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் ஊருக்கு ஒதுக்கப்பட்ட வேலைகள் யாவை, அவற்றுள் எத்தனை நிறைவேறின என்று ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். கண்டியிலே மாநகர சபை நடத்தும் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகத்திற்குச் செல்லும்போது, அங்குள்ள நூல்களும் மக்களின் பணத்தாற் பேணப்படுபவை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பாட்டன் கேட்கவும் உரிமையற்றிருந்த கேள்வியைப் பேரப்பிள்ளை இன்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிச் சபை அலுவலகத்திற் கொடுக்க முடிகின்றது. பல தலைமுறைகள் காத்திருந்து பெற்ற இவ்வுரிமை, பயன்படுத்துவோர் இல்லையேல் ஏட்டளவிலேயே நின்றுவிடும். ஆகவே, அடுத்த முறை சபையின் அறிவித்தற் பலகையைக் கடக்கும்போது சற்றே நின்று வாசியுங்கள். விளங்காததை உள்ளே சென்று கேளுங்கள்.