பெருகாத வேட்டைமீன்

பினாங்கில், பாலிக் பூலாவிலோ செபராங் பிறையிலோ சொந்தக் குளத்தில் மீன் விடுகிறவர்களின் குறை பெரும்பாலும் மீன் இல்லை என்பதல்ல, இருக்கும் மீன் வளரவில்லை என்பதே. காரணம் திலாப்பியா. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாப்பதால் குஞ்சுகள் பெரிதும் தப்பிப் பிழைக்கின்றன. சில வாரங்களில் அடுத்த ஈடு வந்துவிடுகிறது. தீனி அதேதான், வாய்கள் மட்டும் கூடிக்கொண்டே போகும். உள்ளங்கை அளவிலேயே நின்றுபோன மீன்களும் குஞ்சு பொரிக்கத் தவறுவதில்லை. பத்து மாவுங்கில் தலைமையகம் கொண்ட வேர்ல்ட்ஃபிஷ் நிறுவனத்தின் ‘கிஃப்ட்’ ரகம் வேகமாக வளருமே என்று கேட்கலாம். வளரும், ஆனால் நெரிசலில் அதுவும் குறுகித்தான் போகும். ஆகவே குஞ்சுகளைத் தின்ன ஒரு வேட்டைமீன் வேண்டும். அமெரிக்காவின் அலபாமாவில் ஹோமர் ஸ்விங்கிள் இதைக் கணக்காகவே போட்டார். பாஸ் மீனும் அதன் இரையான புளூகில்லும் வாழும் குளங்களை ஆராய்ந்து 1950இல் அவர் சொன்னது: இரைமீனின் மொத்த எடை வேட்டைமீனின் எடையைப்போல் 3 முதல் 6 மடங்கு இருந்தால் குளம் சமநிலையில் இருக்கும். அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே குளிர்காலத்தில் இனப்பெருக்கம் நிற்கும். பினாங்கில் அப்படியொரு பருவமே இல்லை.

எந்த வேட்டைமீன் என்பதுதான் கேள்வி. குளத்தில் பெருக முடியாததே நல்லது என்பது என் கட்சி. நம் சியாக்காப், அதாவது கொடுவா, நன்னீரில் வளரும். ஆனால் அது முட்டையிடக் கழிமுகத்து உப்புநீர் வேண்டும். விட்டது எத்தனையோ, பிடித்ததும் செத்ததும் போக அத்தனைதான் இருக்கும். தூண்டில்காரர்கள் விரும்பும் பீகாக் பாஸ் அப்படியல்ல; தேங்கிய நன்னீரிலேயே முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காவல் காத்து வளர்க்கும். பனாமாவில் 1967இல் குளத்திலிருந்து தப்பி ஆற்றில் சேர்ந்த இந்த மீன், காட்டூன் ஏரியின் நாட்டு மீன்கள் பலவற்றை இல்லாமலாக்கியதை சாரெட்டும் பெயினும் 1973இல் ‘சயன்ஸ்’ இதழில் விவரித்தார்கள். மலேசியாவின் பழைய ஈயக்குட்டைகளில்தான் அது ஏற்கெனவே இருக்கிறதே, என் குளத்தில் விட்டால் மட்டும் என்ன கெட்டுவிடும் என்பது வழக்கமான மறுப்பு. அடைபட்ட குட்டை வேறு. அடைமழையில் வழிந்து வாய்க்காலில் கலக்கும் குளம் வேறு. கொடுவாக் குஞ்சை மறுபடி மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டுமே என்றால், உண்மைதான். பிடி நம் கையில் இருப்பதற்கான விலை அது.

கொடுவாவிடமும் வம்பு உண்டு. இளங்கொடுவா தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குள்ள தன் இனத்தையே விழுங்கிவிடும். ஒரே அளவுக் குஞ்சுகளாகப் பார்த்து விட வேண்டும். தன் வாய்க்கு அடங்காத திலாப்பியாவை அது தொடாது. பெரிய திலாப்பியாக்களை முதலில் வலைபோட்டு எடுக்காமல் விரலளவுக் கொடுவாவை விடுவது வீண். பிடித்த திலாப்பியாவை இரக்கப்பட்டுத் திரும்ப விடுவதும் அப்படித்தான்.

அழைக்காமல் வரும் வேட்டையாளர்களும் உண்டு. கொக்கு கொத்துவது பெரும்பாலும் ஓரத்துச் சிறு மீன்களை. நெரிசல் குளத்தில் அது நமக்குக் கூலியில்லா ஆள். அதுவும் வேண்டாமென்றால் கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டினால் போதும், அதற்கு நிற்க இடமிருக்காது. நீர்நாய் விஷயம் வேறு. அது விலைகொடுத்து வாங்கிய கொடுவாவையே தூக்கிப்போகும். அதைக் கொல்லச் சட்டமும் இடம் தராது. கம்பிவலை வேலிதான் வழி. வேலியின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தோண்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.