படமும் ஓர் அமானிதமே
சமூக நிறுவனங்களின் கைநூல்களை வடிவமைத்தல் பற்றி

நமது சமூகத்தில் பணிபுரியும் பெண்கள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் வெளியிடும் அறிக்கைகள், கைநூல்களில் பல முதலில் ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. பின்னர் அவை தமிழாக்கப்பட்டு, ஆங்கிலத்துக்கென அமைத்த பக்கத்துக்குள்ளேயே திணிக்கப்படுகின்றன. தமிழ் கூடுதல் இடம் கேட்கும். இடமில்லாதபோது எழுத்தைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். யாருக்காக அந்த நூல் எழுதப்பட்டதோ அந்த உம்மாவுக்கு அதை வாசிக்க முடியாமற் போகிறது. ஆகவே வடிவமைப்பு என்பது கடைசியில் பூசும் வர்ணமல்ல. நூல் யாருடைய கைக்குப் போய்ச் சேரும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

காதி நீதிமன்றம் பற்றிய கைநூலொன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பந்தி பந்தியாக விளக்கினால் இரண்டாம் பக்கத்திலேயே வாசகர் மூடிவைத்துவிடுவார். அதையே ஒரு பக்கத்தில் இரண்டு பாதைகளாக வரைந்து பாருங்கள். இடப்பக்கம் தலாக்: கணவன் காதிக்கு அறிவிக்கிறார், இணக்க முயற்சி நடக்கிறது, காரணத்தை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் பஸஹ்: மனைவி விண்ணப்பிக்கிறார், காரணம் சொல்கிறார், சாட்சிகளைக் கொண்டுவருகிறார், காதியுடன் மூன்று அசெசர்மாரும் இருந்து விசாரிக்கிறார்கள். மஹர், கைக்கூலி, தாபரிப்பு ஆகியவற்றை எந்தக் கட்டத்தில் கேட்பது என்பதை வேறு நிறத்திற் குறிக்கலாம். கண்டனமாக ஒரு சொல் எழுதத் தேவையில்லை. இரு பாதைகளின் வித்தியாசம் தானாகவே பேசும். ஒரு பெண்ணுக்கோ, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது விளங்கும்.

பண்பாட்டு உணர்வு என்றால் சங்கடமானதை மறைப்பது எனச் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிகாஹ் பதிவில் மணமகளின் கையொப்பத்தை அச்சட்டம் கட்டாயமாக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தில் கறுப்பு அபாயா அணிந்து, முகம் தாழ்த்தி அழும் பெண்ணின் படம் எதற்கு? இணையத்தில் ‘முஸ்லிம் பெண்’ என்று தேடினால் வந்து விழும் இத்தகைய படங்கள் பல எங்கட ஊர் ஆக்களுடையவையே அல்ல. அட்டையைக் கண்டதுமே, “இது எங்களப் பத்தி வேற ஆரோ எழுதினது” என்று புத்தகத்தைத் தள்ளிவைத்துவிடுவார்கள். சேலை முந்தானையால் தலையை மூடிய மூத்தம்மா, பர்தாவோடு பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, கையில் கோவையோடு வாப்பாவும் மகளும் என்று நாம் அன்றாடம் காணும் மனிதரை வரையலாமே.

சில சிறு விடயங்களும் உண்டு. துண்டுப்பிரசுரம் நாளைக்குச் சரை சுற்றவும் போகும்; அதனால் அதில் ஆயத்தை அரபியில் அச்சிடாமல் சூறாவின் பெயரையும் வசன இலக்கத்தையும் கொடுப்பது நல்லது. பச்சை நமக்குப் பிடித்த நிறந்தான். தேர்தல் காலத்தில் அது கட்சி நிறமாகவும் தெரியும். ‘விவாகரத்து’ என்று பெரிய எழுத்தில் அட்டையிற் போட்டால், அதிகம் தேவைப்படுபவளே அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கைப்பையில் அடங்கும் அளவும் அமைதியான தலைப்பும் அவளுக்குப் பாதுகாப்பு. கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்தாலும் விளங்க வேண்டும்; நிறத்தை மட்டும் நம்பிய விளக்கப்படம் அங்கே செத்துப்போகும். அதனால் நிறத்தோடு ஒரு குறியும் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது மானம். பெயரை மாற்றிவிட்டோம் என்று நிறுவனங்கள் திருப்திப்படுகின்றன. ஊர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவனின் தொழில் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதினால் நமது ஊர்களில் ஆளைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். முகத்தை மங்கலாக்கிய புகைப்படமும் அப்படித்தான். வீட்டு வாசலும் உடுப்பும் காட்டிக்கொடுத்துவிடும். தன் துயரத்தைச் சொன்னவள் நம்மிடம் ஓர் அமானிதத்தை ஒப்படைத்திருக்கிறாள். அப்படியான இடத்தில் கோட்டோவியமே போதும்.

அச்சுக்குப் போகுமுன் மாதிரிப் பிரதியை ஐந்தாறு பெண்களிடம் கொடுத்து, “விளங்குதா?” என்று கேட்க வேண்டாம். மரியாதைக்காக “விளங்குது” என்பார்கள். “இதில என்ன சொல்லியிரிக்கி, எனக்குச் சொல்லித் தாங்க” என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்திற் பிழை அவர்களுடையதல்ல, பக்கத்தினுடையது. அந்த இடத்தைத் திருத்திய பிறகே அச்சகத்துக்குக் கொடுங்கள்.