கடைசிக் கொட்டை யாருக்கு?

குழந்தைகளே, கணக்கு வகுப்பில் ஆட ஒரு நல்ல ஆட்டம் சொல்லட்டுமா? 21 புளியங்கொட்டைகள் இருந்தால் போதும்.

இருவர் எதிரெதிரே உட்காருங்கள். மாறி மாறிக் கொட்டைகளை எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு 1, 2 அல்லது 3 எடுக்கலாம். எடுக்காமல் விடக்கூடாது. கடைசிக் கொட்டையை யார் எடுக்கிறாரோ, அவருக்கே வெற்றி!

முதலில் எல்லாம் அதிர்ஷ்டம் என்றே தோன்றும். நாலைந்து ஆட்டம் ஆடியபின் யாராவது ஒருவர் சொல்வார்: "நாலு கொட்டை இருக்கும்போது என் முறை வந்தாலே நான் தோத்துடறேன்!" ஏன் அப்படி? நீங்கள் 1 எடுத்தால் எதிராளி 3 எடுப்பார். 2 எடுத்தால் அவரும் 2 எடுப்பார். 3 எடுத்தால் மிச்சமிருக்கும் 1 அவருக்கு. எப்படி எடுத்தாலும் மாட்டிக்கொள்கிறீர்கள்.

சரி, 8 இருந்தால்? நீங்கள் எத்தனை எடுத்தாலும், அதோடு சேர்த்து நாலாகும்படி அவர் எடுப்பார். மறுபடியும் 4 உங்கள் முன்னால்! 12, 16, 20 எல்லாமே இப்படித்தான். அட, இது நாலாம் வாய்ப்பாடு!

இப்போது 21-ஐ 4-ஆல் வகுங்கள். மீதி 1. முதலில் ஆடுபவர் அந்த ஒன்றை எடுத்துவிட்டால் 20 மிஞ்சும். பிறகு ஒவ்வொரு முறையும் நாலாக்கிக்கொண்டே வந்தால் வெற்றி நிச்சயம். 22 என்றால் 2, 23 என்றால் 3. மீதியே வராத 24 என்றால், எதிராளியை முதலில் ஆடச் சொல்லுங்கள்!

நாம் எப்படிக் கண்டுபிடித்தோம் பாருங்கள். ஆட்டத்தின் முடிவிலிருந்து தொடங்கி, பின்னோக்கி யோசித்தோம். கணித அறிஞர்களும் கடினமான புதிர்களை இப்படி அவிழ்ப்பதுண்டு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம் 'நிம்'. அதில் கொட்டைகள் பல குவியல்களாக இருக்கும். உங்கள் முறை வரும்போது ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பௌட்டன் 1901-இல் அதன் வெற்றி ரகசியத்தை விளக்கி எழுதினார். 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எண்களை எழுதும் இருநிலை எண்முறைதான் அந்த ரகசியம். இன்றைய கணினிகளும் அதே எண்முறையில்தான் இயங்குகின்றன. 1940-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'நிமேட்ரான்' என்ற இயந்திரம், வந்தவர்களோடெல்லாம் நிம் ஆடிப் பெரும்பாலான ஆட்டங்களில் ஜெயித்தது!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரகசியத்தை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். தோற்ற பிள்ளை "ஏன் தோற்றேன்?" என்று கேட்கும் நேரத்தில்தான் கணக்கு பிறக்கிறது. அந்த விடையைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்கவே மறக்காது.

இனி உங்களுக்கு இரண்டு கேள்விகள். ஒரு முறைக்கு 4 கொட்டைகள் வரை எடுக்கலாம் என்று விதியை மாற்றினால் எந்த வாய்ப்பாடு உதவும்? பழைய விதியிலேயே, கடைசிக் கொட்டையை எடுப்பவர் *தோற்றவர்* என்று வைத்துக்கொண்டால், 21 கொட்டைகளில் முதலில் ஆடுவது நல்லதா, இரண்டாவதாக ஆடுவதா? நண்பரோடு ஆடிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்!