பொறையாறு: தாமதமாக வந்த கல்லூரி

பள்ளிக்கூடம் 1707-ல். அச்சு இயந்திரம் 1712-ல். கலைக்கல்லூரிக்கு மட்டும் தமிழ் லுத்தரன்கள் 1972 வரை காத்திருந்தார்கள்.

தரங்கம்பாடியில் எதைத் தொட்டாலும் ஒரு 'முதல்' இருக்கும். 1706 ஜூலையில் டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரு ஜெர்மானியப் பாதிரியார்கள் இங்கே கரையிறங்கினார்கள். மறு வருடமே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியது. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. காகிதத்துக்குக் கப்பலை எதிர்பார்த்துக் கட்டுப்படியாகாமல், கூப்பிடு தூரத்தில் இருக்கும் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள்.

அதே பொறையாறில் லுத்தரன் திருச்சபை கலைக்கல்லூரி திறந்தபோது சீகன்பால்கு வந்து 266 வருடங்கள் ஓடிவிட்டன. தெலுங்கு லுத்தரன்கள் இதில் முந்திக்கொண்டார்கள். அமெரிக்க மிஷனரிகளின் தயவில் குண்டூரில் 1885-லேயே அவர்களுக்குக் கல்லூரி வந்துவிட்டது. தமிழ்ப் பகுதியில் வேலை செய்த ஜெர்மனியின் லைப்சிக் மிஷனோ சபைகளிலும் பள்ளிகளிலும்தான் கவனம் செலுத்தியது. பட்டப்படிப்பு வேண்டுமென்றால் பிள்ளைகள் பிற சபையினரின் கல்லூரிகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

கல்லூரியின் முழுப் பெயர் தரங்கை பேராயர் மாணிக்கம் லுத்தரன் கல்லூரி. ஊருக்கு அது டி.பி.எம்.எல். பெயருக்குரிய ராஜா பி. மாணிக்கம், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப். 1956-ல் அவர் பதவியேற்கும் வரை அந்த நாற்காலியில் ஐரோப்பியர்களே இருந்தார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம், சென்னை ராஜதானியில் மிஷன் கல்லூரிக் கல்வி. ஆய்வு 1929-ல் புத்தகமாகவும் வந்தது. கல்லூரிகளை ஆராய்ந்த மனிதர் தன் பெயரில் எழுந்த கல்லூரியைப் பார்க்கவில்லை. 1969-ல் காலமாகிவிட்டார்.

அமெரிக்காவிலும் சின்னஞ்சிறு லுத்தரன் கலைக்கல்லூரிகள் உண்டு. கட்டணத்திலும் நன்கொடை மூலதனத்திலும் ஓடுபவை. பாடத்திட்டத்தையும் பட்டத்தையும் தாமே தீர்மானிப்பவை. பொறையாறின் கணக்கு வேறு. நிர்வாகம் திருச்சபை, பாடத்திட்டமும் பட்டமும் பல்கலைக்கழகம், அரசு உதவி பெறும் பணியிடங்களுக்குச் சம்பளம் தமிழக அரசு. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்த உரிமை தருகிறது. அரசுப் பணம் வாங்கும் கல்லூரி மதத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது 29-வது பிரிவு. பெயரில் லுத்தரன் இருந்தாலும் வகுப்பறை எல்லோருக்கும் பொது.

இந்த வட்டாரத்தில் அது புதுமையும் அல்ல. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி 1955-ல் ஓர் இந்து அறக்கட்டளை தொடங்கியது. மேலையூர் பூம்புகார் கல்லூரியை நடத்துவது இந்து அறநிலையத் துறை. கோயில் பணமும் சர்ச் முயற்சியும் ஒரே டெல்டாப் பிள்ளைகளுக்குப் பட்டம் வாங்கித் தந்திருக்கின்றன.

பிரச்னை மதத்தில் இல்லை, பணத்தில் இருக்கிறது. உதவி பெறும் கல்லூரியில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால், அந்த இடத்தை நிரப்ப அரசின் அனுமதி வேண்டும். புதிய பாடங்கள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் வருகின்றன. அங்கே கட்டணம் அதிகம், ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு. பெருநகரக் கல்லூரிகள் இதைச் சமாளித்துவிடும். விவசாயக் கூலிகளும் மீனவர்களும் வாழும் கடலோரத்தில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசமே ஒரு பெண்ணின் படிப்பை பிளஸ் டூவோடு நிறுத்திவிடக் கூடும். 2004 சுனாமியில் தரங்கம்பாடி மீனவர் தெருக்கள் இழந்ததை நினைத்தால் இது இன்னும் நன்றாகப் புரியும்.

மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் ஓடிய ரயில் 1980-களிலேயே நின்றுபோனது. மாயவரம் போக இப்போது பஸ்தான். சுமார் 30 கிலோமீட்டர். காரைக்கால் அதைவிடப் பக்கம், ஆனால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். அங்குள்ள அரசுக் கல்லூரியில் அந்த மண்ணின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. பொறையாறில் ஒரு கல்லூரி இருப்பதன் மதிப்பு இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. மகளைத் தினமும் அவ்வளவு தொலைவு அனுப்பத் தயங்கும் பெற்றோர்கூட, பக்கத்து ஊர்க் கல்லூரி என்றால் சம்மதித்துவிடுகிறார்கள்.