தென்னிந்தியத் தாவர நீர்வண்ண ஓவியங்கள்: ரங்கையாவும் கோவிந்துவும்

தாவர ஓவியம் என்பது ஒரு செடியை அழகுக்காக மட்டுமன்றி, இன்ன செடிதான் என்று ஐயமின்றி அடையாளம் காண்பதற்காக வரையப்படும் படம் ஆகும். ஒளிப்படக் கருவி பரவுவதற்கு முந்தைய காலத்தில், ஒரு பூவின் நிறத்தையும் பழத்தின் உள்ளமைப்பையும் தொலைதூரத்தில் இருப்பவருக்குக் காட்ட இதைவிடச் சிறந்த வழி இருக்கவில்லை. உலர்த்தி ஒட்டிய செடியில் நிறம் மங்கிவிடும். சதைப்பற்றுள்ள பழம் சுருங்கிவிடும். நீர்வண்ண ஓவியம் அந்தக் குறையை நிரப்பியது.

தமிழகத்தில் இக்கலையின் உச்சம் 19-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. அதை நிகழ்த்தியவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இரண்டு இந்திய ஓவியர்கள். அவர்களைப் பணியில் அமர்த்தியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ராபர்ட் வைட்.

முன்னோடிகள்

இந்தியச் செடிகளை இந்திய ஓவியரைக் கொண்டு வரைவிக்கும் வழக்கம் வைட்டுக்கு முன்பே இருந்தது. வில்லியம் ராக்ஸ்பரோ என்னும் மருத்துவர், முதலில் ஆந்திரக் கடற்கரைப் பகுதியிலும் பின்னர் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திலும் பணியாற்றியபோது 2500-க்கும் மேற்பட்ட படங்களை வரையச் செய்தார். அவற்றிலிருந்து தேர்ந்த 300 படங்கள், சோழமண்டலக் கரையின் தாவரங்கள் பற்றிய மூன்று தொகுதிகளாக 1795 முதல் 1820 வரை லண்டனில் வெளிவந்தன. நூலின் முகப்பில் ராக்ஸ்பரோவின் பெயர் இருந்தது. வரைந்த கைகளின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை.

ராபர்ட் வைட்

ராபர்ட் வைட் (1796–1872) ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1819-இல் சென்னை மாகாணத்துக்கு மருத்துவராக வந்தார். 1826 முதல் 1828 வரை கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்தார். இடையில் தாயகம் சென்று 1834-இல் திரும்பியபின், படைப்பிரிவின் மருத்துவராகப் பாளையங்கோட்டையில் தங்கினார். குற்றால மலைச் செடிகளை அவர் சேகரித்தது இக்காலத்தில்தான். இன்றைய கோவில்பட்டி வட்டாரமும் அப்போது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்ததே.

1836-இல் வைட் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டார். பருத்தி, புகையிலை, நிலவாகை போன்ற வணிகப் பயிர்களை ஆராய்வது அவருடைய பணியாயிற்று. 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சாகுபடிச் சோதனைகளைக் கவனித்தார். அதாவது பகலில் கம்பெனியின் பருத்தியையும், எஞ்சிய நேரத்தில் தாவரவியலையும் பார்த்தவர் அவர்.

இரண்டு ஓவியர்கள்

ரங்கையா 1820-களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைட்டுக்காக வரைந்தார். அவருடைய ஓவியங்கள் ஸ்காட்லாந்திலிருந்த தாவரவியலாளர் வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பப்பட்டு, 1830-களின் தொடக்கத்தில் அவருடைய இதழில் செதுக்குப்படங்களாக அச்சாயின. 1845 அளவில் ரங்கையாவின் இடத்துக்குக் கோவிந்து வந்தார். வைட் 1853-இல் இந்தியாவை விட்டுச் சென்றபின், கோவிந்து வனத்துறையின் முன்னோடிகளான ஹியூ கிளெக்ஹார்ன், பெட்டோம் ஆகியோருக்கும் வரைந்தார்.

இவ்விருவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் மிகக் குறைவு. ஆனால் அச்சுப்படங்களின் அடியில், வரைந்தவர் இன்னார் என்ற குறிப்புடன் அவர்களுடைய பெயர்கள் உள்ளன. அக்காலத்தில் இது சிறிய செய்தி அன்று. மேலும், வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரால் 'கோவிந்தூயா' என்று பெயரிட்டார். பின்வந்த அறிஞர்கள் அச்செடியை டிரோபிடியா என்னும் பேரினத்தில் சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. எனினும் தாவரவியல் நூல்களின் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் ஓவியரின் பெயர் நிலைத்திருக்கிறது.

வரையும் முறை

தென்னிந்திய ஓவியர்கள் மரபாகத் தெய்வ உருவங்களையும் அரசவைக் காட்சிகளையும் வரைந்தவர்கள். நுண்ணிய கோடும் தட்டையான அடர்ந்த வண்ணமும் அவர்களின் பலம். தாவர ஓவியத்துக்கு இவற்றோடு வேறு சில ஒழுங்குகளும் தேவைப்பட்டன:

• பூவும் இலையும் கொண்ட ஒரு கிளையை, இயன்றவரை உண்மை அளவிலேயே வரைதல்.
• இலையின் மேற்புறத்தோடு அடிப்புறமும் தெரியும்படி ஓர் இலையைத் திருப்பிக் காட்டுதல்.
• மொட்டு, மலர்ந்த பூ, காய், பழம் ஆகிய நிலைகளை ஒரே தாளில் காட்டுதல்.
• பூவைப் பிரித்து, மகரந்தத்தாள், சூலகம், விதை ஆகியவற்றைப் பெரிதாக்கித் தாளின் அடியில் தனித்தனியே வரைதல்.
• பின்னணியை வெறுமையாக விட்டுவிடுதல்.

நேரமும் ஒரு கட்டுப்பாடு. பறித்த பூ வெயில் நாட்டில் சில மணி நேரத்தில் வாடிவிடும். பருத்திப் பூவையே எடுத்துக்கொள்ளலாம்: காலையில் மஞ்சளாக விரியும், மறுநாள் சிவந்து சுருங்கிவிடும். எனவே முதலில் பூவின் நிறத்தைப் பிடித்துவிட்டு, இலையையும் தண்டையும் பிறகு முடிப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

கல்லச்சு

ஓவியம் ஒன்றே ஒன்று; அதைப் பலர் பார்க்க அச்சு வேண்டும். வைட் கல்லச்சு முறையைக் கையாண்டார். எண்ணெய்ப் பசையுள்ள மையால் மென்மையான சுண்ணாம்புக் கல்லின்மேல் படம் வரையப்படும். கல்லை நனைத்தால், கோடு இல்லாத இடம் நீரை ஏற்கும். கோடு உள்ள இடம் நீரைத் தள்ளி மையை ஏற்கும். அதன்மேல் தாளை அழுத்தினால் படம் பதியும்.

இம்முறையில் சென்னையிலேயே அச்சிடப்பட்ட 'ஐகோன்ஸ் பிளாண்டாரம் இந்தியே ஓரியண்டாலிஸ்' என்னும் நூல் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 2101 படங்கள் உள்ளன. விலையைக் குறைக்க அவை வண்ணமின்றி வெளியிடப்பட்டன. ராக்ஸ்பரோவின் வெளிவராத படங்கள் சிலவும் இதில் இடம்பெற்றன. அதே காலத்தில் வந்த 'இந்தியத் தாவரவியல் விளக்கப்படங்கள்' (1838–1850) என்னும் நூலின் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது.

கரிசல் மண்ணும் பருத்தியின் படமும்

ஒரு படம் ஏன் இவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரத்துக் கரிசல் காட்டுப் பருத்தி இதற்கு நல்ல விடை.

கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த பருத்தி, மழை நின்றபின் அந்த ஈரத்திலேயே விளையும். இங்கு 'திருநெல்வேலிப் பருத்தி' என்று சந்தைக்குப் போனது உண்மையில் ஒன்றல்ல. கருங்கண்ணி, உப்பம் என்னும் இருவகைப் பருத்திகளின் கலப்பு அது. தாவரவியலில் இவை வெவ்வேறு இனங்கள்.

சப்பையையும் காயையும் சூழ்ந்திருக்கும் செதில்களைப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம். கருங்கண்ணியில் செதில்கள் நீண்டு, காயை ஒட்டித் தழுவியிருக்கும். நுனியில் சில பற்களே காணப்படும். காய் கூம்பிய வடிவினது. உப்பத்தில் செதில்கள் அகன்று விரிந்து, ஓரத்தில் ஆறு முதல் எட்டுப் பற்கள் கொண்டிருக்கும், காய் உருண்டையானது. அமெரிக்கப் பருத்தியின் செதில்களிலோ பற்கள் நீண்டு கூர்மையாக இருக்கும். இலையை மட்டும் வரைந்த படத்தால் இவற்றைத் தெளிவாகப் பிரிக்க முடியாது. செதிலின் பல்லை எண்ணி வரைந்த படத்தால் முடியும். ஐகோன்ஸ் முதல் தொகுதியின் தொடக்கத்திலேயே பருத்திச் செடிகளின் படங்கள் இடம்பெற்றிருப்பது தற்செயல் அன்று. எந்தப் பருத்தி எந்த மண்ணுக்கு என்ற கேள்வியில் உழவரின் பிழைப்பும், இங்கிலாந்து ஆலைகளின் தேவையும் அடங்கியிருந்தன.

1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், பின்னர் கருங்கண்ணியிலிருந்து 'கே' என்ற எழுத்தில் தொடங்கும் ரகங்களை உருவாக்கியது. அமெரிக்க இனப் பருத்திகள் பரவியபின் கருங்கண்ணி விளையும் பரப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. காட்டில் அரிதாகும் செடிக்குப் பழைய படம் ஒரு சான்றாகிறது.

கோவில்பட்டியின் பிற்கால ஓவிய மரபு

அச்சுக் கலை ஓவியத்தை மக்களிடம் கொண்டுசென்றதற்குக் கோவில்பட்டியிலேயே வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையா ராஜு (1898–1976) இவ்வூரில் தங்கி வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியே நாட்காட்டிகளாக வீடுதோறும் சென்றன. தாவர ஓவியர்களின் நோக்கம் வேறு. ஆயினும் அச்சின் வழியே அறியப்பட்டது இரு சாராருக்கும் பொதுவானது.

இன்று எங்கே காணலாம்?

ரங்கையா, கோவிந்து ஆகியோரின் மூல ஓவியங்கள் எடின்பரோ அரசத் தாவரத் தோட்டம், கியூ தோட்டம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆகிய இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன. எடின்பரோவைச் சேர்ந்த ஹென்றி நோல்டி 2007-இல் வெளியிட்ட மூன்று தொகுதி ஆய்வு, வைட்டின் பெயரோடு இவ்விருவரின் பெயர்களையும் தலைப்பிலேயே சேர்த்தது.

இந்த ஓவியங்கள் தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவில் இருந்தாலும், ஐகோன்ஸ் நூலின் ஆறு தொகுதிகளையும் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். மாணவர்கள் அதில் ஒரு பருத்திப் படத்தை எடுத்து, ஊர்க் காட்டில் விளையும் பருத்திக் காயோடு செதில் செதிலாக ஒப்பிடலாம். படத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஓவியரின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் படிப்பதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதியே.