கத்தரி வைக்குமுன் கணக்குப் பாருங்கள்!

பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம். களத்தில் சிந்திய நெல்லை ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளும் ஊர். ஆனால், பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது வீணாகும் துணியை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

ஆடைக்கான துணியில் 100க்குச் சுமார் 15 பங்கு, வெட்டும்போதே கழிவாகிறது என்று உலக அளவில் மதிப்பிடுகிறார்கள். மீட்டருக்கு 15 சென்டிமீட்டர்! காசு கொடுத்து வாங்கிய துணி குப்பைக்குப் போகிறது.

வளைவுதான் காரணம்

துணி நீள்சதுரமானது. உடலோ வளைவானது. கழுத்து, அக்குள் என்று வளைத்து வெட்டும் இடத்தில்தான் துண்டு விழுகிறது.

ஆகவே, முதலில் முன்புறம், பின்புறம், கை ஆகிய பெரிய பாகங்களைத் துணியில் வரைய வேண்டும். இடையில் உள்ள இடத்தில் பை, காலர், பட்டி ஆகியவற்றை அடக்க வேண்டும். அதன் பிறகே கத்தரி! அண்ணன் சட்டையையும் தம்பி சட்டையையும் ஒரே துணியில் சேர்த்து வெட்டினால், இன்னும் மிச்சமாகும்.

ஒரு பக்கமாகப் பூப்போட்ட துணி இதற்கு உதவாது. திருப்பி வெட்டினால், பூ தலைகீழாக நிற்கும்.

மூன்று மடிப்பு

பாவாடைக்கு வளைவு வெட்டு இல்லை. நேர்த்துணியைச் சுருக்கி, இடுப்புப் பட்டியில் சேர்த்தால் போதும்.

அதன் கீழ்ப்பக்கத்தில் அரை அங்குல மடிப்பு வைத்தால், 1 அங்குலத் துணி உள்ளே அடங்கும். மூன்று மடிப்புக்கு 3 அங்குலம். மகள் வளர வளர, ஒவ்வொன்றாகப் பிரித்து விடலாம். இந்தத் தீபாவளிப் பாவாடை அடுத்த தீபாவளிக்கும் ஆகும்! பழைய தையல் கோடு தெரிந்தால், அதன்மேல் ரிப்பன் வைத்துத் தைக்கலாம்.

துண்டும் சோறு போட்டது

அப்படியும் மிஞ்சும் துண்டுகளை என்ன செய்வது?

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, கடலோரக் குடும்பங்களை நிலைகுலைய வைத்தது. புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லில் உள்ள 'உபாசனா' ஆடை நிலையம், துண்டுத் துணியில் சின்னஞ்சிறு பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. பொம்மையின் பெயர் 'சுனாமிகா'. அதை விற்கவில்லை; பரிசாகக் கொடுத்தார்கள். நன்கொடைப் பணத்தில் அந்தப் பெண்களுக்குக் கூலி கிடைத்தது.

தாய்மார்களே! வில்லியனூர்க் கடைவீதியில் துணியைத் தைக்கக் கொடுக்கும்போது, மறக்காமல் சொல்லுங்கள்: "அண்ணே, பாவாடைக்கு மூணு மடிப்பு வையுங்க. வெட்டின துண்டையும் கொடுத்துடுங்க!"